பட்டியில் வளர்ந்த நாயே பட்டியைக் காக்கும்

சிலாபத்துத் தென்னந்தோட்டங்களில் ஆடு வளர்க்கும் குடும்பத்துக்கு ஆடென்பது வெறும் பிராணியன்று. நடமாடும் சேமிப்புப் பணமாகும். பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஒரு கிடாய், வீட்டுக் கூரையைத் திருத்த இரண்டு கிடாய் என்று கணக்கிட்டு வைத்திருப்போர் பலர். அத்தகைய பட்டியில் ஓரிரவில் மூன்று ஆடுகள் மாண்டு கிடந்தால் அவ்வீட்டின் வரவு செலவே தடுமாறிப் போகும்.

இவ்வட்டாரத்து ஆடுகளுக்குப் பகைவர் இருவர். ஒருவர் நரியார், அந்தி மயங்கும் வேளையிலும் விடியற் புறத்திலும் பற்றைகளினூடே பதுங்கி வருபவர். மற்றவர் கூட்டமாய்த் திரியும் கட்டாக்காலி நாய்கள். நரி தன் பசிக்கு ஒரு குட்டியைக் கவ்விச் செல்லும். நாய்க் கூட்டமோ துரத்தும் வெறியிலே அகப்பட்டவற்றையெல்லாம் குதறிவிட்டுப் போகும். இவற்றுக்கு அஞ்சியே, “நல்ல சாதி நாயொன்று வாங்கிக் கட்டினால் என்ன?” என்று குடியானவர் எண்ணுகின்றனர். சாதியை விலைக்கு வாங்கலாம். காவற் குணத்தை வாங்க இயலாது. அதனை வளர்த்தே எடுக்க வேண்டும் என்பதே நாம் கூற விரும்புவது.

நாய்களுக்குள்ளே தொழில் வேற்றுமை உண்டு. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி முதலியன வேட்டைக்கென வளர்ந்தவை. ஓடுவதைக் கண்டால் துரத்துவதே அவற்றின் இயல்பு. அல்சேஷன் முதலிய மேய்ப்பு நாய்கள் மந்தையை ஓட்டிச் செல்லப் பழகியவை. பட்டிக்காவல் நாயோ துரத்துவதுமில்லை, ஓட்டுவதுமில்லை. ஆடுகளோடு ஆடாய்ப் படுத்திருந்து, அந்நியர் வரின் எழுந்து நிற்பது. துருக்கியின் கங்கால், இத்தாலியின் மரெம்மா ஆகியவை இத்தொழிலுக்குப் புகழ் பெற்றவை. நமீபியாவில் சிவிங்கிப்புலிகளைக் குடியானவர் சுட்டுக் கொல்வதைத் தவிர்க்க, 1994ஆம் ஆண்டு முதல் துருக்கி வழிவந்த காவல் நாய்களைப் பண்ணைகளுக்கு அளித்து வருகின்றனர். ஆயினும் அடர்ந்த உரோமமுடைய குளிர்நாட்டு நாயைச் சிலாபத்துப் புழுக்கத்தில் கொண்டு வந்து விடுவது அதனை வதைப்பதாகும், செலவும் மிகுதி.

அவ்வாறாயின் நம் ஊர் நாய் இவ்வேலைக்கு உதவுமா? உதவும் என்பதற்கு உலகிலே சான்றுகள் உள்ளன. 1833ஆம் ஆண்டில், இன்று உருகுவே எனப்படும் தேசத்திலே சுற்றுப்பயணம் செய்த சார்ள்ஸ் டார்வின் ஒரு வழக்கத்தைக் கண்டு எழுதினார். அங்கே நாய்க்குட்டியை இளமையிலேயே தாயிடமிருந்து பிரித்து, பெண் செம்மறியிடம் பாலூட்டி, பட்டிக்குள் ஆட்டுமயிரால் படுக்கை அமைத்து வளர்ப்பார்களாம். அந்நாய் இறைச்சித் துண்டுக்காக வீட்டுக்கு வரும்போது வீட்டு நாய்கள் அதனை விரட்டும். அதுவும் வெட்கப்பட்டாற்போல் ஓடும். ஆனால் தன் மந்தையை அடைந்த மறுகணமே திரும்பி நின்று குரைக்கும். விரட்டி வந்தவை ஓட்டம் பிடிக்கும்! அமெரிக்காவின் நவஹோ மக்களும் கலப்பின நாட்டு நாய்களையே குட்டிப் பருவத்தில் ஆடுகளோடு விட்டு வளர்த்துக் காவலுக்கு வைத்திருக்கின்றனர்.

இதன் காரணம் யாதெனில், நாய்க்குட்டி பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறையப் பதினான்காம் வாரம் வரை எவரோடு பழகுகிறதோ அவரையே தன் சுற்றமாகக் கொள்ளுகிறது. “தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்பது நாய்க்கும் பொருந்தும்.

ஆகவே தெரிவு செய்யும்போது முதலில் தாயைப் பாருங்கள். கோழியைத் துரத்தாமல், ஆடுகளிடையே அமைதியாய் நடமாடும் தாயின் குட்டியே நன்று. எல்லாரையும் முந்திப் பாயும் குட்டியும் வேண்டாம். மூலையில் நடுங்கும் குட்டியும் வேண்டாம். எட்டு வாரத்தில் கொண்டு வந்து நேரே கொட்டிலுக்கே விடுதல் வேண்டும். கொட்டிலின் ஒரு மூலையில் குட்டி மட்டும் நுழையத்தக்க மரச்சட்ட அடைப்பு அமைத்து, அதற்குள்ளே உணவு வைத்தால் ஆடுகள் அதனைத் தின்னா. முட்டும் ஆட்டிடமிருந்து ஒதுங்கவும் அதற்கு இடமிருக்கும். தொடக்கத்தில் சாதுவான இரண்டு மூன்று ஆடுகளே துணையாயிருக்கட்டும்.

இங்கேதான் குடும்பத்துக்குச் சோதனை வருகிறது. பஞ்சுருண்டை போன்ற குட்டியைக் கண்டால் பிள்ளைகள் வீட்டுக்குள் தூக்கிவரத் துடிப்பார்கள். அடுப்படியிலே படுத்துப் பழகிய நாய், நரி வரும் இரவில் அடுப்படியிலேதான் படுத்திருக்கும். எனினும் அடியோடு ஒதுக்கிவிடவும் கூடாது; நாள்தோறும் ஒருமுறை கொட்டிலிலேயே தடவிக் கொடுத்து, அழைத்தால் வரவும், ஊசி போடும்போது பொறுத்திருக்கவும் பழக்க வேண்டும். சோறிடும் பொறுப்பைப் பெரும்பாலும் ஏற்கும் இல்லத்தரசியரே இதற்கு ஏற்ற ஆசிரியைகள்.

ஆறாம் மாதம் முதல் ஓராண்டு வரை நாய் விளையாட்டுப் பருவத்திலிருக்கும். ஆட்டுக்குட்டியைத் துரத்தும், காதைக் கடிக்கும். இதனைக் கண்டு, “வேலியே பயிரை மேய்கிறது” என்று விரட்டிவிடுவோர் பலர். அவசரம் வேண்டாம். அக்குறும்பை அப்போதைக்கப்போது அதட்டி நிறுத்துங்கள். ஈன்ற ஆட்டோடும் இளங்குட்டிகளோடும் தனியே விடாதீர்கள். ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையிலேதான் அது பொறுப்புள்ள காவலனாக முதிரும். சங்கிலியால் கட்டி வைத்த நாய் காவல் பழகாது, கடிக்கவே பழகும்.

சுகாதார விதிகளையும் மறத்தலாகாது. நரியோடும் தெருநாயோடும் மோதும் நாய்க்கு விசர்நோய் தொற்றும் அபாயம் மிகுதி. அதன் வழியே ஆட்டுக்கும் பிள்ளைக்கும் அது பரவலாம். ஆகவே மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போடுவித்தல் வேண்டும். எவரையேனும் நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் அவசியம். செத்த ஆட்டின் குடலையும் ஈரலையும் நாய்க்குப் பச்சையாய்ப் போடாமல் ஆழப் புதையுங்கள். அவற்றிலுள்ள புழுக்கள் நாய் வழியாக மனிதரையும் வந்தடையும். கருத்தடை செய்வித்தால் நாய் ஊர் சுற்றுவது குறையும். புத்தளம் வீதியில் வாகனங்களில் அடிபட்டு மடியும் ஆபத்தும் குறையும்.

மூன்று நான்கு ஆடுகள் மட்டும் உள்ளோருக்கு இத்தனை முயற்சி தேவைதானா? தேவையில்லை என்றே கூறுவோம். உயர்த்திக் கட்டிய பலகைத் தளமும் உறுதியான கதவுமுள்ள கொட்டிலில் இரவு அடைத்தால் அவர்களுக்குப் போதுமானது. பட்டி பெருகி, பகலில் தென்னைகளிடையே ஆடுகள் பரந்து மேயும்போதே இக்காவலன் இன்றியமையாதவன் ஆகிறான்.

எனவே, ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் பெயர் பெற்ற நாயைத் தேடுமுன், அயல்வீட்டு ஆட்டுக்கொட்டிலருகே பிறந்த குட்டியைச் சற்று உற்றுப் பாருங்கள். இரண்டாண்டுப் பொறுமையும் நாளொன்றுக்கு இருவேளைச் சோறும் அளிக்க மனமிருந்தால், குடும்பத்தின் செல்வத்தைக் கண்ணுறங்காது காக்கும் தோழனாக அதுவே வளர்ந்துவிடும்.