நெடுஞ்சாலையில் நின்றுபோன மோட்டார் வண்டி

களப்பணியாளர் பலருக்கு மோட்டார் வண்டியே கையும் காலுமாக இருக்கிறது. நெடும் பயணத்தில் அது திடீரென நின்றுவிடின், தடைப்படுவது பயணம் மட்டுமன்று. அப்பயணத்தை நம்பியிருக்கும் பணியும் தடைப்படும். அத்தகைய வேளையில் பழுதின் காரணத்தை முறையாகக் கண்டறிவது எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வோம்.

காய்ச்சல் பரவிய ஒரு சிற்றூரின் கிணற்று நீரை முதல் நாள் மாலை புட்டிகளில் சேகரித்த ஊழியர் இருவர், மறுநாள் விடியற்காலையில் அடிலாபாத்திலிருந்து ஹைதராபாதுக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தூரம். நுண்ணுயிர்ச் சோதனைக்குரிய நீரைப் பனிக்கட்டியில் வைத்து, 24 மணி நேரத்திற்குள் சோதனைச்சாலையில் சேர்ப்பிக்க வேண்டும். நேரம் கடந்தால் நீரிலுள்ள கிருமிகளின் எண்ணிக்கை மாறிவிடும். சோதனையின் முடிவை நம்புதற்கில்லை. நிர்மல் நகரைக் கடந்து, கோதாவரிப் பாலத்தையும் தாண்டியபின், பெட்ரோலால் இயங்கும் அவர்களது வண்டி இரண்டு மூன்று முறை விக்கித் திணறி, பின்னர் அடியோடு நின்றுவிடுகிறது.

முதற் கடமை

பழுதைத் தேடுவதற்கு முன் உயிரைக் காக்க வேண்டும். வண்டி உருளும் வேகம் தணியுமுன்னரே அதைச் சாலையின் இடது ஓரத்திற்குக் கொணர்தல் நலம். நான்கு மூலை விளக்குகளையும் ஒருங்கே மினுக்கவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் போதிய தூரத்தில் நிறுத்துக. பயணிகள் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகளில் உதவி கோருவதற்கு 1033 என்னும் தொலைபேசி எண் உள்ளது.

மூன்று தேவைகள்

பெட்ரோல் எஞ்சின் இயங்க மூன்று பொருள்கள் வேண்டும்: எரிபொருள், காற்று, உரிய கணத்தில் தோன்றும் மின்பொறி. ஒரு பங்கு பெட்ரோல் முற்றிலும் எரிய எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே, பழுதறிதல் என்பது எது குறைந்தது என்னும் வினாவுக்கு விடை காண்பதேயாகும்.

நின்ற விதமே முதல் சான்று. விளக்கை அணைத்தாற்போல் ஒரே நொடியில் நின்றிருந்தால், மின்னோட்டம் தடைப்பட்டிருக்கலாம் என ஐயுறலாம். விக்கித் திணறி நின்றிருந்தால் எரிபொருள் வரத்தில் குறை இருக்கலாம். முகப்புப் பலகையில் வெப்பமானியின் முள் உச்சிக்கு ஏறியிருந்தால், குளிர்விப்பு நீர் குறைந்திருக்கலாம். பாட்டரி விளக்கு முன்னரே எரிந்து, மற்ற விளக்குகள் படிப்படியாக மங்கியிருந்தால், மின்னாக்கியோ அதைச் சுழற்றும் பெல்ட்டோ பழுதுற்றிருக்கலாம். ஆதலால் ஓட்டுநர் தாம் கண்டதையும் கேட்டதையும் உடனே நினைவுகூர்ந்து வரிசையாகச் சொல்வது இன்றியமையாதது.

இங்கு ஓர் எச்சரிக்கை. எஞ்சின் சூடேறியிருக்கையில் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது. மூடிய ரேடியேட்டருள் அழுத்தம் மிகுதியாதலால், நீர் 100 பாகை செல்சியசைக் கடந்தும் கொதியாமல் இருக்கிறது. மூடி திறந்ததும் அழுத்தம் விழுகிறது. அக்கணமே நீர் ஆவியாகிப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகச் செய்துவிடும். எஞ்சின் நன்கு ஆறும்வரை காத்திருப்பதே அறிவுடைமை.

படிப்படியாக விலக்குதல்

நமது எடுத்துக்காட்டில் வெப்பமானி நடுவிலேயே நிற்கிறது. எரிபொருள் முள் பாதித் தொட்டியைக் காட்டுகிறது. பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டது, தொட்டியைக் கழற்ற வேண்டும் என்கிறார் ஓட்டுநர். இது நடக்கக்கூடியதே. ஆயினும், எளிய சோதனைகளை முடிக்காமல் கடினமான வேலையில் இறங்குதல் முறையன்று.

முதலாவதாக, சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை இயக்கிப் பார்க்கின்றனர். அது வழக்கமான வேகத்தில் சுழல்கிறது. எனவே பாட்டரியும் அதன் முனைகளும் நலமே. ஸ்டார்ட்டர் வெறும் 'டிக் டிக்' ஒலி மட்டும் எழுப்பியிருந்தால், பாட்டரி முனைகளில் படிந்த உப்பையும் தளர்ந்த இணைப்பையும் முதலில் கவனித்திருக்க வேண்டும். மாறாக, வழக்கத்தினும் இலகுவாக விர்ரென்று சுழன்றிருந்தால், டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். அந்நிலையில் மீண்டும் மீண்டும் சுழற்றலாகாது. எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதிப் பெருஞ் சேதம் விளையக்கூடும்.

இரண்டாவதாக, எஞ்சினைச் சுழற்றாமல் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பிச் செவிமடுக்கின்றனர். பெட்ரோல் பீய்ச்சும் முறையில் அமைந்த வண்டிகள் பலவற்றில், அப்போது தொட்டியினுள் இருக்கும் மின்பம்பு இரண்டொரு நொடி ரீங்கரிக்கும். இவ்வண்டியில் அவ்வொலி எழவில்லை. பெட்ரோல் தொட்டியில் இருக்கிறது. எஞ்சினுக்கு வந்து சேரவில்லை. தண்ணீர் கலந்திருந்தாலும் பம்பு ஒலித்திருக்கும். ஆகவே ஓட்டுநரின் ஐயம் நீங்குகிறது.

மூன்றாவதாக, பம்புக்குரிய ஃபியூஸைப் பிடுங்கிப் பார்க்கின்றனர். அதன் கம்பி அறாமல் இருக்கிறது. எஞ்சியவை ரிலேயும் பம்பும். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சாவி. அதே பெட்டியில் ஹாரனுக்குரிய ரிலேயும் இருக்கிறது; இரண்டின் எண்ணும் முனைகளின் அமைப்பும் ஒன்றே. ஹாரன் ஒலிப்பதைச் சோதித்தபின், சாவியை நிறுத்தி இரண்டையும் இடம் மாற்றுகின்றனர். சாவியைத் திருப்பியதும் ரீங்காரம் கேட்கிறது, எஞ்சின் உயிர்பெறுகிறது. பழுதுற்றது ரிலே என்பது ஐயமின்றித் தெளிவாயிற்று. ஹாரன் இன்மையால் மெதுவாக ஆர்மூர் சென்று, புதிய ரிலேயைப் பொருத்திக்கொண்டு, நீர் மாதிரிகளை உரிய காலத்திற்குள் சேர்ப்பிக்கின்றனர்.

ஆறியபின் ஓடும் வண்டி

வேறொரு வகைப் பழுதும் உண்டு. வண்டி நிற்கும், அரை மணி நேரம் ஆறியபின் ஓடும், சூடேறியதும் மீண்டும் நிற்கும். கார்புரேட்டர் வண்டிகளில், கோடைக்காலத்தில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியடைப்பதால் இவ்வாறு நிகழ்வதுண்டு. ஈரத்துணியால் குழாயைக் குளிர்வித்தால் சரியாகும். இக்காலத்து வண்டிகளிலோ கிராங்க் தண்டின் நிலையை உணர்த்தும் சென்சர் வெப்பத்தால் செயலிழப்பதும் காரணமாகலாம். ஓடத் தொடங்கிவிட்டதென இதனை மறந்துவிடலாகாது. அடுத்த ஊரிலேயே சோதித்தறிக.

டீசல் எஞ்சினில் மின்பொறி இல்லை. காற்றை அழுத்துவதால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆகவே அங்கு எரிபொருள் வரத்தையே முதலில் ஐயுறல் வேண்டும். வடிகட்டி அடைபட்டதா, குழாயில் காற்றுப் புகுந்ததா என நோக்குக. கைப்பம்பு உள்ள வண்டிகளில் அதனை அழுத்திக் காற்றை வெளியேற்றலாம்.

ஆசிரியர்களுக்கு

இம்முறை மோட்டார் வண்டிக்கு மட்டும் உரியதன்று. காண்டல், காரணம் கருதல், ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தல், முடிவு கொள்ளல் என்னும் நான்கும் அறிவியலின் பொது வழிகளே. எரியாத கைவிளக்கு ஒன்றை மாணவரிடம் கொடுத்து, பாட்டரி, பல்பு, சாவி ஆகியவற்றுள் குறை எதிலென்று இவ்வாறே கண்டறியச் செய்யலாம். ஒரே வேளையில் இரண்டை மாற்றிய மாணவனின் விளக்கும் எரியக்கூடும். ஆயினும் பழுது எதிலிருந்தது என்பதை அவனால் கூற இயலாது. அவ்வேறுபாட்டை மாணவர் உணர்ந்துகொண்டால் பாடம் பயன் தந்ததாகும்.