காதுக்குள் ஒரு கேமரா

இரவு 11 மணி. இரண்டு நாள் சளிக்குப் பிறகு நான்கு வயது மகன் காதைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். மாமியார் பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சக் கிளம்பிவிட்டார். "வேண்டாம் அத்தை, செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும்" என்று தடுத்துவிட்டு, காணொளி வழி மருத்துவரை அழைத்தேன்.

"காது பார்க்கும் கேமரா இருக்கிறதா?" என்றார். இருந்தது. காது அழுக்கெடுக்க இணையத்தில் வாங்கியது. "முதலில் அந்தக் கரண்டியைக் கழற்றுங்கள். புனல் போன்ற மூடி இருந்தால் மாட்டுங்கள்."

அத்தை அவனை மடியில் பக்கவாட்டில் உட்காரவைத்து, தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் சுண்டுவிரலை அவன் கன்னத்தில் ஊன்றிக்கொண்டேன். பிள்ளை திடீரென்று தலையை அசைத்தால் கையும் கூடவே நகரும், நுனி குத்தாது. காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் கீழும் பின்னுமாக. அப்போதுதான் வளைந்த பாதை நேராகும். கேமரா வாசலோடு நின்றால் போதும்.

முதல் படத்தில் வெறும் அழுக்கு. இரண்டாவது மங்கல். மூன்றாவதில்தான் செவிப்பறை தெரிந்தது. முத்துபோல் சாம்பல் நிறத்தில் பளபளக்க வேண்டியது, சிவந்து உப்பியிருந்தது. அழுதாலே சிவக்கும், உப்பலைத்தான் கவனிக்க வேண்டும் என்றார் மருத்துவர். நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் சிறுவர்களுக்குக் குட்டையாக, படுத்தவாக்கில் இருப்பதால் சளியோடு காதுத் தொற்றும் வந்துவிடுகிறதாம்.

படம் மட்டும் போதாது. கிளினிக்கில் காதுக்குள் மெல்லக் காற்றடித்துச் செவிப்பறை அசைகிறதா என்று பார்ப்பதுண்டு. வீட்டுக் கேமராவால் அது முடியாது. அதனால் இரவுக்கு எடைக்கேற்ற பாரசிட்டமால், காலையில் நேரில் வரச் சொன்னார். ஆன்டிபயாட்டிக் பற்றி அப்போது முடிவெடுக்கலாம் என்றார். பல தொற்றுகள் இரண்டு மூன்று நாளில் தாமாகவே அடங்கிவிடுமாம்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றாலோ சீழோ ரத்தமோ வடிந்தாலோ கேமராவை எடுக்கவே வேண்டாம், நேரில் காட்டுங்கள். காதின் பின்புறம் வீங்கி மடல் முன்னே தள்ளியிருந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ நேராக அவசரப் பிரிவுதான். கேகே மருத்துவமனையில் சிறுவர் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு.

மகன் தேறிவிட்டான். இப்போது பாட்டி காதைப் பார்க்க வேண்டுமாம். அத்தை இன்னும் சம்மதிக்கவில்லை.