படம் இருக்கிறது, பென்ஷன் உண்டா?

குள்ளஞ்சாவடி கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர் மஞ்சப்பைக்குள் கைவிட்டு ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். மடிப்புத் தொப்பி வைத்த இளைஞர். மூலையில் கிளிப் துரு. “பர்மாவுல நேதாஜி படையில இருந்தாரு எங்கப்பா. இத விட்டா வேற அத்தாட்சி கெடையாது” என்றார். அவரும் அங்கிருந்தவர்களும் கேட்ட சந்தேகங்கள் இவை.

வெளிநாட்டில் போரிட்டவர்களும் தியாகிகள்தானா?

ஆமாம். ஆனால் அரசு அதை ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆனது. 1945 நவம்பரில் நேதாஜியின் படையான ஐ.என்.ஏ.வின் அதிகாரிகள் ஷா நவாஸ் கான், சாகல், தில்லான் மூவர்மீதும் டெல்லி செங்கோட்டையில் விசாரணை தொடங்கியபோது நேருவே அவர்கள் தரப்பில் வக்கீல் கவுன் மாட்டிக்கொண்டு வந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அதே நேருவின் அரசு ஐ.என்.ஏ. வீரர்களைப் பழையபடி ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. மத்திய அரசின் தியாகிகள் பென்ஷன் வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல்தான். போர் முடிந்து 27 ஆண்டுகள்! 1980 வரை அதற்கும் வருமான வரம்பு இருந்தது.

சிறை ரிக்கார்டு இல்லாவிட்டால்?

சிக்கலே இங்குதான். உள்ளூர்ப் போராட்டக்காரர் என்றால் சிறைச்சாலைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். ஆறு மாதச் சிறை (பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் மூன்று மாதம்) என்பது விதி. மலேயாவில் பால்மரம் சீவியவர், பர்மாவில் மூட்டை தூக்கியவர் படையில் சேர்ந்ததற்கு எந்தச் சிறையில் பதிவு இருக்கும்? 1960-களில் பர்மாவிலிருந்து கையில் கிடைத்ததோடு கப்பலேறியவர்கள் காகிதத்தையா பத்திரப்படுத்தினார்கள்? உடன் இருந்தவர்களின் சான்று உதவும். சான்று தர வேண்டியவர்களும் இப்போது இல்லை. தியாகிகள் பென்ஷனைக் குற்ற வழக்குபோலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்லக்கூடாது, நடந்திருக்க வாய்ப்பு உண்டா என்று பார்த்தால் போதும் என 2001-இல் குர்தியால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆபீசில் ஃபைல் நகர்வது வேறு கதை.

எவ்வளவு கிடைக்கும்?

மத்திய அரசின் அடிப்படைத் தொகை 2016 ஆகஸ்ட் முதல் ஐ.என்.ஏ.வினருக்கு மாதம் 26,000 ரூபாய். அந்தமான் சிறைவாசிகளுக்கு 30,000. அகவிலைப்படி தனி. தமிழக அரசின் பென்ஷன் வேறு திட்டம். 2025 சுதந்திர தின அறிவிப்பின்படி தியாகிக்கு 22,000, குடும்பத்துக்கு 12,000. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடாது.

மகனுக்கு உண்டா?

மத்திய திட்டத்தில் இல்லை, பேரனுக்கும் இல்லை. மனைவிக்கு முழுத்தொகை. அவருக்குப் பின் மணமாகாத, சொந்த வருமானம் இல்லாத மகள்களுக்குப் பாதி, அதுவும் மூன்று பேர் வரை. விவாகரத்தான மகள் விஷயத்தில் உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்பளித்திருக்கின்றன. மணமானவளை விட்டுவிட்டு மணமாகாதவளை மட்டும் ஆதரவற்றவள் என்று கொள்ளும் இந்தக் கணக்கு எனக்குப் பழைய காலத்துக் கணக்காகத்தான் தெரிகிறது.

மணமாகாத மகளுக்கு உண்டு என்றதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க அக்கா கல்யாணமே பண்ணிக்கலீங்களே. முடிஞ்ச நாள்ல முந்திரி உடைக்கப் போவும், அவ்ளோதான்.”

அப்படியென்றால் போட்டோ இருக்கட்டும். அக்காவுக்குக் கிடைப்பதென்றால் அப்பா, அம்மா வாங்கிய பென்ஷனின் தொடர்ச்சியாகத்தான். அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ எப்போதாவது பென்ஷன் ஆணை வந்ததா என்று முதலில் பெட்டியைக் கொட்டித் தேடுங்கள் என்றேன்.