வடக்கு ஏஜியன்: கடலுக்கு நடுவே உள்ளூராட்சி

கிரேக்க நாட்டின் 13 பிராந்தியங்களுள் ஒன்றான வடக்கு ஏஜியன், வரைபடத்தை முதன்முறை நோக்குவோருக்கு அது கிரேக்கத்துக்கு உரியதுதானா என்ற ஐயத்தை எழுப்பக்கூடியது. லெஸ்போஸ், கியோஸ், சாமோஸ் ஆகிய அதன் பெருந்தீவுகள் மூன்றும் துருக்கியின் கரையோரமாகவே அமைந்துள்ளன. இடையில் இருப்பது சில கிலோமீற்றர் அகலமான நீரிணை மாத்திரமே. ஆனால், ஏதென்ஸை அடைவதற்கு லெஸ்போஸ்வாசி ஓர் இரவு முழுவதும் கப்பலில் பயணிக்க வேண்டும். 1912 வரை ஒட்டோமன் ஆட்சியின் கீழ் இருந்த அத்தீவின் முஸ்லிம்கள், 1923 ஆம் ஆண்டின் லோசான் உடன்பாட்டுக்கமைய எதிர்க்கரைக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்த கிறிஸ்தவர்கள் இங்கு வந்து குடியேறினர். பிராந்தியத் தலைநகரான மித்திலினியில் எஞ்சியுள்ள பழைய பள்ளிவாசல்கள் அந்த இடப்பெயர்வின் சாட்சிகளாகும்.

கடன் நெருக்கடி சூழ்ந்திருந்த 2010 இல் நிறைவேற்றப்பட்ட 'கலிக்கிராத்திஸ்' சட்டம், நாடெங்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த உள்ளூராட்சி சபைகளை 325 ஆகக் குறைத்தது. பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு சபை என்பதே தீவுகளுக்கான விதியாயிற்று. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். எனினும், லெஸ்போஸ் 1,600 சதுர கிலோமீற்றருக்கும் கூடிய பரப்புடையது. கலோனி, கேரா என்னும் இரு வளைகுடாக்கள் அதன் உட்பகுதிவரை ஊடறுத்துச் செல்கின்றன. அங்கிருந்த 13 சபைகளும் ஒன்றாக்கப்பட்டதால், மேற்குக் கரையிலுள்ள சிக்ரி போன்ற கிராமங்களின் நிர்வாகமும் தீவின் மறுகோடியிலுள்ள மித்திலினிக்குச் சென்றுவிட்டது. தவறு உணரப்பட்டு 2019 இல் கலோனியைத் தலைமையிடமாகக் கொண்டு மேற்கு லெஸ்போஸ் தனிச் சபையாக்கப்பட்டது. சாமோஸும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மறுபுறத்தில், சில நூறு பேர் மாத்திரமே வாழும் அயியோஸ் எஃப்ஸ்திராத்தியோஸ் தீவு தனக்கெனச் சபையைத் தக்கவைத்துக் கொண்டது. இதனை வீண்செலவென நாம் கருதவில்லை. குளிர்காலத்தில் கடல் கொந்தளிக்கையில் அயல்தீவுச் சபையால் அம்மக்களுக்கு என்ன பயன்?

2011 முதல் பிராந்திய ஆளுநர் மக்களால் தெரிவு செய்யப்படுகின்றார். ஆளுநர் என்றதும் மத்திய அரசின் நியமனம் என எமது வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. மத்திய அரசின் நியமனம் பெற்றவரின் கீழ் இயங்குவது 'ஏஜியன் பரவலாக்கப்பட்ட நிர்வாகம்' என்னும் வேறோர் அமைப்பு. தீவுகளுக்கான அந்த அமைப்பின் தலைமையகமோ பெருநிலப்பரப்பிலுள்ள பிரேயஸ் துறைமுக நகரில்!

இந்த ஏற்பாட்டின் பலவீனத்தை அகதிகள் பிரச்சினை அம்பலப்படுத்தியது. சுமார் 86 ஆயிரம் பேர் வாழ்ந்த லெஸ்போஸில் 2015 இல் மட்டும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் கரையேறினர். முகாம்கள் பற்றிய தீர்மானங்கள் ஏதென்ஸிலேயே எடுக்கப்பட்டன. அவற்றின் சுமையோ சபைகளின் தலையில் விழுந்தது. 2020 பெப்ரவரியில் லெஸ்போஸிலும் கியோஸிலும் மூடிய முகாம்களை அமைக்க அரசு முற்பட்டபோது, பிராந்திய ஆளுநரும் நகரபிதாக்களும் ஒருங்கே எதிர்த்தனர். கலகமடக்கும் பொலிஸார் கப்பலில் அனுப்பப்பட்டனர். பொதுமக்களுடனான மோதல்களின் பின்னர் அவர்கள் திருப்பியழைக்கப்பட்டனர். அதே ஆண்டு செப்டெம்பரில், சுமார் 3 ஆயிரம் பேருக்கென அமைக்கப்பட்டு 12 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்த மோரியா முகாம் தீக்கிரையானது. அதற்குப் பதிலான முகாமின் அமைவிடத்தையும் ஏதென்ஸே தீர்மானித்தது.