ரொட்டி மாவும் புற்றுக் கலமும்: ஒட்சியேற்றம் எப்படி வேலை செய்கிறது?

பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் கொத்து ரொட்டிக் கடையொன்றின் குசினிக்குள் காலையில் எட்டிப் பார்த்தால் மா குழைக்கிற வேலை நடக்கும். தண்ணீர் விட்டதும் கிள்ளி இழுத்தால் மா பொசுக்கென்று அறுந்துவிடும். அடித்துக் குழைத்து, எண்ணெய் பூசி ஊறவிட்டால் அதே உருண்டை மறுபக்கம் தெரியுமளவுக்கு மெல்லிசாக விரியும்.

இடையில் நடந்ததில் ஒட்சியேற்றத்துக்கும் பங்குண்டு. கோதுமைப் புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் உண்டு. அதில் ஒரு கந்தக அணு. குழைக்கும்போது உள்ளே போகும் ஒட்சிசன், பக்கத்துப் பக்கத்துக் கந்தகங்களை இரண்டிரண்டாகப் பிணைக்கிறது. தனித்தனியாகக் கிடந்த புரதம் வலையாகிறது. மாவில் இயல்பாகவே உள்ள குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு அந்தப் பிணைப்பை அவிழ்க்கப் பார்க்கும். அது கூடினால் மா தளர்ந்துபோகும்.

நம் உடற்கலங்களிலும் இருப்பது இதே கந்தகம், இதே குளுட்டாதயோன். இழைமணிகள் சக்தியை உண்டாக்கும்போது ஐதரசன் பேரொட்சைட்டு போன்றவை கொஞ்சம் கசியும். அளவோடு இருந்தால் அது கலத்துக்குத் தேவையான சமிக்ஞை. மிஞ்சினால் ஒட்சியேற்ற அழுத்தம்: கந்தகங்கள் கண்ட இடத்தில் பிணைய, புரதத்தின் வடிவம் மாறும், வேலையும் மாறும். புற்றுக் கலங்களில் இந்தக் கசிவு பெரும்பாலும் அதிகம். குளுட்டாதயோனைச் சேர்த்து வைத்தே பல புற்றுகள் தாக்குப்பிடிக்கின்றன. அந்தக் கலத்தில் ஒட்சியேற்றத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டால்?

லாச்சப்பலிலிருந்து அரை மணி நேரத்துக்குள் நடந்துபோகக்கூடிய சென்-லூயி மருத்துவமனையில் இதற்கு அருமையான விடை கிடைத்தது. தீவிர புரோமைலோசைட்டிக் குருதிப் புற்றில் 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்ள, பிஎம்எல்-ராரா என்ற ஒட்டுப் புரதம் உருவாகிறது. வெண்குருதிக் கலங்களை அது முதிர விடாது. அதன் மரபணுவை 1990இல் அறிவித்தவர்களில் ஆய்வாளர்கள் ஹியூக் து தேயும் ஆன் தெஜானும் உண்டு.

சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களிலிருந்தே ஆசனிக்கால் இந்நோய்க்கு வைத்தியம் பார்த்தார்கள். பாஷாணம் எப்படி மருந்தானது? து தேயின் குழு 2010இல் விளக்கியது. ஆசனிக் கலத்துக்குள் ஒட்சியேற்றத்தைக் கிளப்புகிறது. பிஎம்எல் பகுதியின் சிஸ்டீன்கள், குழைத்த மாவில் போலவே, ஒன்றோடொன்று பிணைந்து திரள்கின்றன. ஆசனிக்கும் நேரடியாக அந்தப் புரதத்தில் ஒட்டுகிறது. திரண்ட புரதத்தில் சூமோ, யுபிகுயிட்டின் என்ற சிறு புரதங்களை அடையாளமாக ஒட்டிக் கலமே அதைப் புரோட்டியசோம் என்ற புரதம் வெட்டும் அமைப்பில் வெட்டி அழித்துவிடுகிறது. நோயின் வேரே போய்விடுகிறது. குளுட்டாதயோன் நிறைந்த கலங்களில் ஆசனிக் அவ்வளவு எடுபடாது.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் விக்ரம் மாத்யூஸ் குழுவினர் 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு ஆசனிக்கை மட்டுமே முதன்மை மருந்தாகக் கொடுத்தார்கள். 86 சதவீதத்தினருக்கு நோய் முழுமையாகத் தணிந்ததாக 2006இல் எழுதினார்கள். விலை கூடிய வேறு மருந்துகளை வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஒட்சியேற்றம் என்றாலே கேடு, அதைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே நன்மை என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறிவிட்டது. ஆனால் கதிர்ச் சிகிச்சையும் சில புற்றுநோய் மருந்துகளும்கூட ஒட்சியேற்றத்தைக் கொண்டுதான் புற்றைத் தாக்குகின்றன. ஆகவே சிகிச்சையில் இருப்பவர்களே, குளுட்டாதயோன், விட்டமின் சி குளிசைகளை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். போத்தலை முதலில் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.