பறவையே ஆசான்

ஓவியம் படிக்காத ஒருவர் பறவையை உள்ளது உள்ளபடி வரையலாமா? தாராளமாக வரையலாம். நம் நாட்டிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

1891இல் இலங்கையில் பிறந்த ஜி. எம். ஹென்றி வீட்டிலேயே அக்காமாரிடம் பாடம் படித்தவர். 1907இல் முத்துக்குளிப்பு நிறுவனமொன்றில் ஆய்வுகூட உதவியாளரானார். 1910இல் கொழும்பு நூதனசாலையில் வரைஞரானார். பூச்சியியல் பணியில் 1946 வரை அங்கேயே இருந்தார். இலங்கைப் பறவைகளை அவர் தீட்டிய வண்ணப்படங்கள் 1927 முதல் நூலாக வந்தன. 1955இல் வெளியான அவருடைய இலங்கைப் பறவைகள் கையேட்டில் எழுத்தும் அவருடையது, படங்களும் அவருடையவை.

நூதனசாலையில் பாடம் செய்த பறவையைக் கையில் எடுத்து, அலகையும் சிறகையும் அளந்து வரையலாம். ஆனால் பறவை செத்ததும் கண், அலகு, கால்களின் நிறம் மங்கிவிடும். நிற்கும் தோரணையும் போய்விடும். அவற்றைக் களத்தில்தான் குறித்துக்கொள்ள வேண்டும். அளவும் உயிரும் சேர்ந்தால்தான் படம் மெய்யாகும்.

அந்தக் களம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாரி காலத்தில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடிக் கடலேரியிலும் தீவகத்து ஆழமற்ற நீரிலும் பூநாரைகள் இறங்கும். பூநாரையின் கால் பின்பக்கமாக மடியும் இடத்தை முழங்கால் என்று பலரும் வரைந்துவிடுவார்கள். அது கணுக்கால், முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. மேயும்போது தலையைக் கவிழ்ப்பதால் மேலலகு அடியில் வந்துவிடும். அலகு நடுவில் வளைந்திருப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கும். அதன் இளஞ்சிவப்பு நிறம் இரையிலிருந்து வருவது. குஞ்சு சாம்பல் நிறமாகவே இருக்கும். இவ்வளவும் தெரிந்த கைதான் கோட்டைத் தவறவிடாது.

நெடுந்தீவுக் குதிரைகளும் அப்படித்தான். மாரியில் புல் மேய்ந்து தேறியிருக்கும் அதே குதிரைக்கு, கோடையில் தண்ணீர் வற்றியதும் விலா எலும்பு தெரியும். ஒரு பருவத்தில் மட்டும் பார்த்து வரைந்தால் பாதி உண்மைதான் தாளில் வரும்.

ஆகவே பிள்ளைகளே, விலையுயர்ந்த வர்ணத்துக்குக் காத்திராதீர்கள். ஒரு பென்சிலோடு விடியற்காலையில் கரைக்குப் போங்கள். பறவை பயப்படாத தூரத்தில் நில்லுங்கள். ஒரே பறவையைப் பலமுறை வரையுங்கள், திகதியையும் இடத்தையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். தீவகத்தின் உயிர்களை நம் பிள்ளைகளின் கையே பதிவு செய்ய வேண்டும்.