வேனில் விழாவும் கூத்தன் காணியும்



இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் என்று இலக்கண நூலார் வகுத்துச் சென்றனர். மரங்கள் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மாசிப் பனி விலகும்போதே மா பூத்து நிற்கிறது. பங்குனியில் புங்கம்பூ உதிர்ந்து நிலத்தை மூடுகிறது. வேம்பும் கொன்றையும் சித்திரையை எதிர்கொண்டு அழைக்கின்றன. விழாக் கொண்டாடும் மக்களும் பெரும்பாலும் மரங்களின் கட்சியே. ஆதலால், வேனில் விழாக்களைப் பற்றிப் பேசப் புகும் நான், மாசி முதல் வைகாசி வரையுள்ள நான்கு திங்களையும் ஒரே பருவமாகக் கொள்ளுமாறு முதற்கண் வேண்டிக் கொள்கிறேன்.

ஒரு நகரம் முழுவதுமே பூங்காவாகவும் ஆடரங்காகவும் மாறிய வேனில் விழாவைத் தமிழில் தேடுவோர் காவிரிப்பூம்பட்டினத்துக்குத்தான் செல்ல வேண்டும். சித்திரைத் திங்களில் தொடங்கி இருபத்தெட்டு நாள் நடைபெற்ற இந்திர விழாவைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் விரித்துரைக்கின்றன. வச்சிரக் கோட்டத்து முரசை யானைமீது ஏற்றி அறைவிப்பர். தெருக்களில் பழமணல் மாற்றிப் புதுமணல் பரப்புவர். வாழையும் கமுகும் கரும்பும் நடுவர். பகையுடையோர் ஒருவரையொருவர் நெருங்காமல் ஒதுங்கிச் செல்லுமாறும் முரசறைவோன் கேட்டுக்கொள்வான். விழாக் கூட்டத்தின் இயல்பை அறிந்தவன் அவன்.

அந்நகரின் மலர்ச்சோலைகள் ஐந்து: இலவந்திகைச் சோலை, உய்யானம், சம்பாதி வனம், கவேர வனம், உவவனம். மணிமேகலை பூக்கொய்யச் சென்றது உவவனத்துக்கு. ஆடலுக்கோ மாதவி இருந்தாள். அவள் ஆடிய பதினோராடலைக் காண்பதற்காக, வடக்கே வெள்ளி மலையில் காமவேளுக்கு விழா எடுத்திருந்த விஞ்சையன் ஒருவன், தன் காதலியையும் அழைத்துக்கொண்டு புகாருக்கு வந்தான் என்கிறார் இளங்கோவடிகள். தன் ஊர் விழாவை விட்டுவிட்டு அயலூர் விழாவுக்குப் போகும் வழக்கம் அன்றே இருந்தது போலும்!

பின்னர் மன்னன், காணாமற்போன தன் மகனைத் தேடும் துயரத்தில் விழா எடுக்க மறந்தான். நகரைக் கடல் கொண்டது. இது காப்பியம் கூறும் முடிவு. ஆனால், அந்த விழாவில் ஆடியவர்களுக்கும் பாடியவர்களுக்கும் மறு ஆண்டு விழா வரும்வரை சோறிட்டவர் யார் என்பதைக் காப்பியம் கூறவில்லை. அதைக் கூறுபவை கல்வெட்டுகள். அவற்றுள் ஒன்றைக் காண, கொள்ளிடத்தின் வடகரையோடு மேற்கே ஏறி அரியலூர் மாவட்டத்துக்கு வரவேண்டும்.

அங்கே காமரசவல்லி என்றொரு சிற்றூர். காமனை இழந்த இரதி, சிவபெருமானை வேண்டிக் கணவனை மீளப் பெற்ற ஊர் என்பது தலபுராணம். வேனிலுக்குரிய தெய்வத்தைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் இவ்வூர், சோழர் காலத்தில் காமரவல்லிச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்டது. 1012 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திரனின் காலத்துக் கல்வெட்டொன்று இக்கோயிலில் உள்ளது. சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்னும் கூத்தனுக்கு நிலம் விடப்பட்ட செய்தியை அது சொல்கிறது. மார்கழித் திருவாதிரையில் மும்முறையும் வைகாசித் திருவாதிரையில் மும்முறையும் அவன் சாக்கைக் கூத்து ஆட வேண்டும். ஆண்டில் ஆறே ஆட்டம், அதற்காக நிலம்! எஞ்சிய நாட்களில் அவன் பயில வேண்டும், மகனுக்குப் பயிற்ற வேண்டும், உண்ணவும் வேண்டும் என்பதை நிலம் விட்டவர்கள் அறிந்திருந்தனர். இத்தகைய நிலங்களுக்குக் கூத்தக்காணி, சாக்கைக்காணி என்னும் பெயர்கள் உண்டு. தஞ்சைப் பெருங்கோயிலில் வைகாசி விழாவில் இராசராசேசுவர நாடகம் நடிப்பதற்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்கப்பட்டது.

பூவுக்கும் இதே முறைதான். கோயில் நந்தவனத்துக்கு நிலம் உண்டு; செடிக்கு நீர் இறைப்போருக்கும், திருப்பள்ளித்தாமம் பறிப்போருக்கும் தொடுப்போருக்கும் நெல் உண்டு. இந்த அறங்கள் மறைந்துவிடக் கூடாதே என்ற அச்சமும் இருந்தது. காமரசவல்லிக்கு மேற்கே, அதே கரையிலுள்ள திருமழபாடியில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிக்குமுன் சுவரிலிருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைத்தனர். கட்டடம் முடிந்தபின், அவன் மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1026-ஐ ஒட்டி, அவற்றை மீண்டும் கல்லில் வெட்டினர். பழைய சொல்லைக் காப்பதில் இத்துணை அக்கறை!

கல் நின்றது. ஆயினும் சாக்கைக் கூத்து தமிழ்நாட்டில் நிலைக்கவில்லை. சேரன் செங்குட்டுவன் முன் பறையூர்ச் சாக்கையன் ஆடியதைச் சிலம்பு பேசுகிறது. அந்த மரபின் உறவைக் கேரளத்துச் சாக்கியார்களிடம் அறிஞர் காண்கின்றனர். அவர்கள் ஆடும் கூடியாட்டத்தை 2001-இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. நம் கொள்ளிடக் கரையிலோ கூத்தன் பெயர் கல்லில் மட்டும் எஞ்சியது. காணி கைமாறினால் கூத்தும் போய்விடும். காணிக்கு அப்பால் அதற்கு வேறு வேர் இல்லை.

நந்தவனங்கள் குறைந்ததையும் நான் சிறிய இழப்பாக எண்ணவில்லை. சுந்தரர் திருமழபாடியில் பாடிய பதிகத்தில் ஈசன் சூடுவது கொன்றை. இன்று கடைத்தெருவில் மல்லிகை கிடைக்கும், சாமந்தி கிடைக்கும்; கொன்றையை எந்தக் கடையில் கேட்பது? மகிழும் புன்னையும் அப்படியே. 

ஆனால் வேனில் விழா மறையவில்லை என்பதுதான் வியப்பு. அதே திருமழபாடியில் பங்குனிப் புனர்பூசத்தன்று நந்தியெம்பெருமானுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் திருவையாற்றிலிருந்து வருகின்றனர், மணமகள் சுயசாம்பிகை. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பது இப்பகுதிப் பழமொழி. ஆகவே கூட்டத்தில் மணமாகாத இளைஞரும், அவர்களைவிட மிகுதியாக அவர்களுடைய பெற்றோரும் இருப்பர். அடுத்து, சித்திரையில் திருவையாற்று ஏழூர்ப் பல்லக்குகள் ஊர்வலம் புறப்படும். திருமணத்துக்குத் திருப்பழனம் பழமும், திருச்சோற்றுத்துறை சோறும், திருப்பூந்துருத்தி பூவும், திருநெய்த்தானம் நெய்யும் தந்தன என்பது கதை. ஊர்ப் பெயர்களைக் கொண்டே ஒரு கல்யாணப் பட்டியல்! ஏழூர் வலம் முடிந்து திரும்பும்போது, பொம்மை ஒன்று தெய்வங்களுக்குப் பூப்போடும். அதைக் காணக் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்பார்கள்.

சமயபுரத்துப் பூச்சொரிதலும் இத்தகையதே. மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி, அம்மனே இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மக்கள் சாரிசாரியாக நடந்தே அங்குச் செல்கின்றனர். புகார் விழாவின் நாட்கணக்கும் இருபத்தெட்டே. இரண்டுக்கும் தொடர்புண்டு என்று நான் வாதிட வரவில்லை. கேட்க இனிமையாக இருப்பதால் சொன்னேன். இங்கே பூவுக்குக் காணி இல்லை. வீட்டுக்கு ஒரு கூடை என்று அவரவர் கொண்டுவரும் பூவே மலையாகக் குவிகிறது.

காமன் விழாவின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. காவிரி நாட்டுச் சிற்றூர்களில் மாசித் திங்களில் காமனை நட்டு, காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து இரவெல்லாம் லாவணி பாடுவர். அதற்கு எந்த மன்னனும் நிலம் விட்டதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் உழைப்பாளிகள் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றனர். பெரம்பலூரும் அரியலூரும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. மன்னார் வழியாகக் காட்டில் நடந்து சென்ற அம்மக்கள், கையில் எடுத்துச் செல்ல முடிந்தவை மிகச் சில. ஆனால் மலையகத் தமிழரின் தலையாய கூத்து எது என்றால், இன்றும் காமன் கூத்தையே சொல்வர்.

மாசி அமாவாசை கழிந்ததும் அங்கே லயத்து முற்றத்தில் காமன் ஊன்றுவர். பகலெல்லாம் கொழுந்து பறித்தவர்கள் இரவில் தப்பு முழங்க இரதியாகவும் மன்மதனாகவும் வேடம் புனைவர். நிறைநிலா நாளில் மன்மதன் எரிவான், இரதி அழுவாள். பின்னர், எரிந்தவனை மீண்டும் எழுப்பும் பாட்டைத் தொடங்குவார்கள்.